‘ஹெ ஜேட்’ வகுப்பில் சேரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சீனாவின் பழம்பெரும் பொக்கிஷமான ஹெ ஜேட் கல்லின் கதையை மூலநூல்களைப் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்ற விளம்பரத்தை நம்பி, ஒரு ஆன்லைன் வகுப்புக்கு 6,500 ரூபாய் கட்டி ஏமாந்தேன்.

முதல் இரண்டு வாரம் குறை சொல்ல முடியாது. பழங்காலச் சீனத் தத்துவ அறிஞர் ஹான் ஃபெய்யின் நூலில் வரும் கதையோடு தொடங்கினார்கள். பழைய சீனாவின் சூ நாட்டைச் சேர்ந்த பியன் ஹெ என்பவன் மலையில் கண்டெடுத்த கல்லை அரசனிடம் கொண்டுபோகிறான், வெறும் கல் என்று சொல்லி இடது காலை வெட்டுகிறார்கள், அடுத்த அரசன் வலது காலை. மூன்றாவது அரசன் வந்ததும் பியன் ஹெ மூன்று நாள் இரவும் பகலும் அழுகிறான், கண்ணீர் வற்றி ரத்தம் வருகிறது. கால் போனதற்கு அழவில்லை, ரத்தினத்தைக் கல் என்றும் நேர்மையானவனைப் பொய்யன் என்றும் சொல்லிவிட்டார்களே, அதற்குத்தான் அழுகிறேன் என்கிறான். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் கி.மு. காலத்து வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய ‘ஷிஜி’ என்ற சீன வரலாற்று நூல். 15 நகரங்கள் தருகிறேன் என்று ஆசை காட்டிய சின் நாட்டு அரசனிடமிருந்து, ஜாவ் நாட்டுத் தூதர் லின் சியாங்ரு அந்தக் கல்லை தன் நாட்டுக்கே திருப்பி அனுப்பிய கதை.

மூன்றாம் வாரம்தான் ஏமாற்று. அந்தக் கல்லைத்தான் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் அரச முத்திரையாகச் செதுக்க வைத்தார், ஷிஜியே சொல்கிறது என்று பிடிஎஃப்பில் ஒரு மேற்கோள். எந்த அத்தியாயம் என்று கேட்டேன், பதில் இல்லை. ஷிஜி மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக்கொண்டு 6, 81, 87 ஆகிய அத்தியாயங்களைத் தேடினேன். அந்த வரி எங்குமே இல்லை. 87இல் சின் ஷி ஹுவாங்கின் அமைச்சர் லி சு, அவரிடம் இருக்கும் செல்வங்களில் ஒன்றாக ஹெ-யின் பொக்கிஷத்தைக் குறிப்பிடுகிறார், அவ்வளவுதான். லி சு அதைத் தேய்த்து முத்திரை செய்தார் என்ற பேச்சு, கி.பி. 450இல் இறந்த சுயி ஹாவ் என்ற அறிஞர் சொன்னதாக, ஷிஜிக்குப் பிற்பாடு டாங் அரச வம்சக் காலத்தில் எழுதிய உரையில் வருகிறது. சிமா சியெனுக்கு ஐந்நூறு வருஷத்துக்கும் மேல் பிந்தியது! தவிர, ஹெ ஜேட்டைச் சீன நூல்கள் ‘பி’ என்கின்றன. ‘பி’ என்பது நடுவில் துளை உள்ள தட்டையான வட்டு. அதிலிருந்து கைப்பிடியோடு சதுர முத்திரை எப்படி வரும்?

அந்தப் பொய் மேற்கோள் எதற்கென்று நான்காம் வாரம் புரிந்தது. ‘அதே மலைக் கல்லில்’ செய்த முத்திரை நகல், சான்றிதழோடு 12,000 ரூபாய் என்று விற்கத் தொடங்கினார்கள். குழுவில் இருந்த வயதான ஒருவர் வாங்கிவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கி, எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். ரசீது, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே பிடிஎஃப் உங்களிடமும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். முத்திரை வாங்கியிருந்தால் அந்தச் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள், நீங்களும் புகார் கொடுங்கள்.