திறந்தவெளி விளையாட்டு மண்டபம்: ஒரு வடிவமைப்புச் சேவையின் மதிப்பீடு

எங்கள் பள்ளிக்கு விளையாட்டு மண்டபம் வடிவமைத்துத் தந்த நிறுவனத்தின் பணி பெரும்பாலும் நிறைவளிக்கிறது. குறிப்பாக, 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட சந்துகளில் குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், எந்த இடைவெளியும் அந்த அளவில் அமையாதபடி தடுப்புக் கம்பிகளை நெருக்கமாகப் பொருத்தியிருப்பதும், மரத்தூண்களின் விளிம்புகளைக் கையில் உறுத்தாதவாறு இழைத்திருப்பதும் மனமாரப் பாராட்டத்தக்கவை. தூண்கள் மண்ணைத் தொடாமல் இரும்புப் பாதங்களின் மேல் நிற்பதால், அடிமரத்தில் ஈரம் ஏறாது.

கூரைதான் குறை. உச்சிவெயிலை அது நன்றாக மறைத்தாலும், மேற்கிலிருந்து சாய்ந்து வரும் மாலை வெயில் நேரே உள்ளே விழுந்து, உலோகச் சறுக்குமரத்தைத் தொட முடியாத அளவுக்குச் சூடேற்றிவிடுகிறது. கூரையை நீட்டினாலும் தாழ்வான வெயில் நிற்காது. அந்தப் பக்கத்தில் செங்குத்தான மரச்சட்ட மறைப்பை வரைபடத்திலேயே சேர்த்திருக்க வேண்டும்.