40 ரூபாய் பேட்டரி செல்லுக்கு 5,400 ரூபாய் அழுத கதை

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு நாலு நாள் கழித்து வந்து கடையைத் திறந்தேன். டவுனில் சின்ன ஜெராக்ஸ், டிடிபி கடை. பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிற ஆள் நான், இது பின்னால் வரும். சிஸ்டத்தைப் போட்டால் ஃபேன் சுற்றியது, ஒரு பீப் வந்தது, கறுப்புத் திரையில் சிமாஸ் பற்றி என்னவோ வந்து எஃப்1 அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். விண்டோஸ் வட்டம் கொஞ்சம் சுற்றிவிட்டு நீலத் திரை, 'இன்னாக்சஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது கிளம்ப வேண்டிய டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று. இரண்டு கல்யாணப் பத்திரிகை பாதியில் நிற்கிற படபடப்பில் அதைச் சரியாகக்கூடப் படிக்காமல் சிபியூவை பைக்கில் வைத்து ஜங்ஷன் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே மூடியைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணாச்சி, ஹார்ட் டிஸ்க் போச்சு. உள்ள இருக்கிறத எடுக்கணும்னா சென்னைக்கு அனுப்பணும், 8,000 ஆகும்." சரி, வேண்டாம், பழைய டிஸ்க்கைக் கையில் கொடுங்கள் என்றேன். "செத்த டிஸ்க் எதுக்கு அண்ணாச்சி, இங்கேயே போட்டுட்டுப் போங்க" என்று இரண்டு தடவை சொன்னார்கள், நான் விடவில்லை. நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். 'புது' 500 ஜிபி டிஸ்க், விண்டோஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 5,400. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

கடைக்கு வந்து பார்த்தால் பிரிண்டர் ஓடவில்லை, சவுண்டு இல்லை, நெட் இல்லை, டிவைஸ் மேனேஜரில் நாலு மஞ்சள் ஆச்சரியக்குறி. போன் செய்தால் "டிரைவர் தனி, 600" என்கிறார்கள். விண்டோஸுக்கும் அந்தந்தச் சாமானுக்கும் நடுவில் பேசிக் கொடுக்கிற மென்பொருள்தான் டிரைவர், அதை மதர்போர்டு கம்பெனியும் பிரிண்டர் கம்பெனியும் தங்கள் தளத்திலேயே சும்மா தருகிறார்கள். டிரைவரெல்லாம் போட்டு நெட் வந்த பிறகும் தினமும் காலையில் அதே எஃப்1. தேதி 2011 ஜனவரி 1 என்று நிற்கும், அதனால் பாங்க் தளம் எதுவும் திறக்காது, இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சொல்லும். அதைக் கேட்டால் "அது அப்படித்தான், எஃப்1 அடிங்க".

அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தான் வந்திருந்தார். தேதியைப் பார்த்ததுமே "மாப்ள, செல்லு போயிருக்கு" என்றார். மூடியைக் கழற்றினால் போர்டில் காசு மாதிரி ஒரு வட்டச் செல், சிஆர்2032. 3 வோல்ட் இருக்க வேண்டியது, மீட்டரில் 2-ஐத் தாண்டவில்லை. கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை அதற்கு வேலை குறைவு, மெயினை அணைத்தால் கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸ் (சிஸ்டத்தைக் கிளப்பிவிட போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) செட்டிங்கைக் காப்பதும் அது ஒன்றுதான். நாலு நாளில் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது, செட்டிங் எல்லாம் கம்பெனியில் வந்த நிலைக்குப் போய்விட்டது. டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ-யில் இருந்தது, என் பழைய போர்டில் ஐடிஇ என்கிற பழைய முறைக்கு மாறிவிட்டது.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சிஸ்டம் கிளம்பும்போது முதலில் டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். விண்டோஸின் கரு நினைவகத்துக்கு வந்தபிறகு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும், விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் அதே டிஸ்க்கைத் தேடும். என் விண்டோஸ் கிளம்பும்போது தயாராக வைத்திருந்தது ஏஹெச்சிஐ டிரைவரை, எதிரே இருந்தது ஐடிஇ. ஆகவே நீலத் திரை. ஆனால் அந்த வட்டம் சுற்றியதே, அது எங்கிருந்து வந்தது? அதே 'செத்த' டிஸ்க்கிலிருந்துதானே!

40 ரூபாய்க்குச் செல் வாங்கிப் போட்டு, செட்டிங்கை ஏஹெச்சிஐ-க்கு மாற்றி, பழைய டிஸ்க்கை மாட்டினார். பாதியில் விட்ட பத்திரிகை அப்படியே இருந்தது, மணமகள் பெயரில் நான் விட்ட எழுத்துப்பிழை உட்பட. 'புது' டிஸ்க்கை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று டிஸ்க்கின் நிலையைக் காட்டுகிற மென்பொருளில் பார்த்தால் 21,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது, இரவு பகலாக ஓடினாலும் இரண்டு வருஷத்துக்கு மேல்.

யாராவது சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் தயவுசெய்து திரையை ஒரு போட்டோ எடுங்கள், தேதியைப் பாருங்கள், பழைய சாமானை விட்டுவிட்டு வராதீர்கள்.

மறுநாள் அந்த டிஸ்க்கோடு ஜங்ஷன் கடையில் போய் நின்றேன். "ஓடுதா இல்லையா அண்ணாச்சி, அதச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். கத்திப் பேசி 1,500 திரும்ப வாங்கினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், அந்தத் துண்டுச் சீட்டில் டிஸ்க் என்ற வார்த்தையே இல்லை.