காது மடலின் மேற்பகுதியைக் கன் வைத்துக் குத்தவிடாதீர்கள்: திருச்சியில் எங்களுக்கு நடந்தது

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். என் அக்கா மகளுக்கு 19 வயது. அவளுடைய இடது காது மடல் இப்போது மேற்பக்கம் சுருங்கி, ஓரம் உள்ளே மடங்கிப்போய் இருக்கிறது. பியூட்டி பார்லர் ஒன்றில் பணத்தை வாங்கிக்கொண்டு பொய் சொன்னார்கள். அடுத்து போன கிளினிக்கில் காதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இந்த நிலை.

ஹீலிக்ஸ் பியர்சிங், அதாவது மடலின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வளையம். துளைக்கு 800 ரூபாய். "எல்லாமே ஸ்டெரைல்மா, ஒரு ஆளுக்குப் போட்ட ஊசியைத் தூக்கிப் போட்டுடுவோம்" என்று வாய் நிறையச் சொன்னார்கள். ஊசியை எடுக்கவே இல்லை. அவளுக்கு முன்னால் வந்த பெண்ணுக்குக் குத்திய அதே பிளாஸ்டிக் கன்னை, அதாவது துப்பாக்கி மாதிரி இருக்கும் காது குத்தும் கருவியை, பஞ்சால் துடைத்துவிட்டு, இவளுக்கும் வைத்து அழுத்தினார்கள். கிளம்பும்போது லேபிள் இல்லாத ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, தினமும் தடவச் சொல்லி 350 ரூபாய் தனியாக வாங்கினார்கள். பில் கிடையாது. கையில் இருப்பது ஜிபே ரசீது மட்டும்தான்.

அந்தக் கன் மூக்குக்கோ மடலின் மேற்பகுதிக்கோ ஏற்ற கருவியே இல்லை. ஸ்பிரிங் விசையில் மொண்ணையான கம்மலை அடித்து உள்ளே இறக்குகிற கருவி அது. கீழே இருக்கும் சதைப்பற்றான பகுதி அதைத் தாங்கும். மேலே இருப்பது குருத்தெலும்பு, அது நசுங்கும். கன்னின் உடல் பிளாஸ்டிக் என்பதால் ஆட்டோகிளேவில் கொதிநீராவியில் வைத்துக் கிருமி நீக்கவும் முடியாது. ஸ்பிரிட்டால் துடைப்பது அதற்கு ஈடாகாது.

நம் பாட்டிமார் மேல்காதில் கொப்பும் முருகும் போட்டவர்கள்தான், இடம் நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த இடத்தில் புண் வந்தால் அது கீழ்க்காதுப் புண் மாதிரி நடந்துகொள்ளாது. குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் கசிந்து வருகிறது. சவ்வுக்கும் குருத்துக்கும் நடுவில் சீழ் கோத்தால் ஊட்டம் அறுந்து, குருத்து செத்துவிடும். செத்த குருத்து திரும்ப வளராது. காதின் வடிவத்தைத் தாங்கி நிற்பதே அதுதான்.

சில நாளில் மடல் சிவந்து, வீங்கி, சூடாகிவிட்டது. தலையணையில் சாய முடியவில்லை, முடி பட்டாலே துடித்தாள். பார்லருக்குப் போன் செய்தால், "அப்படித்தான் இருக்கும் பாப்பா, கழற்றிடாதே, துளை மூடிடும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடு" என்றார்கள். அக்கா மருந்துக்கடையில் கேட்டபோது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு ஒன்றைக் கொடுத்தார்கள். அது மேலே தெரியும் சிவப்பைக் கொஞ்சம் குறைத்தது, உள்ளே சீழ் சேர்வது நிற்கவில்லை. பிறகு பக்கத்துக் கிளினிக். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே டாக்டர் அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார், ஒரு வலி ஊசி போட்டார், ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான். மேல்காதைக் குத்தியபின் வரும் இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா. ஈரத்தில், தண்ணீர்த் தொட்டியில், சரியாக மூடாத பாட்டிலில் எல்லாம் வாழும். அமாக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஈஎன்டி டாக்டர்கள் இதற்கு முதலில் நினைப்பது சிப்ரோஃப்ளாக்சசின் வகையைத்தான், சீழ் கிடைத்தால் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்புவார்கள். (கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த மருந்தை யோசித்துத்தான் கொடுப்பார்கள், அதனால் கடையில் நீங்களே வாங்கிவிடாதீர்கள்.) பலன் தராத மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்த நாட்களில்தான் இவள் காதின் குருத்து அழிந்தது.

கடைசியில் ஈஎன்டி டாக்டரிடம் போனோம். அவர் பார்த்த முதல் விஷயம், மடல் முழுக்க வீங்கியிருந்தும் கீழே தோடு போடும் இடம் மட்டும் சாதாரணமாக இருந்தது. அங்கே குருத்து இல்லை, அதனால் நோய் அங்கே இறங்கவில்லை. தொற்று குருத்துச் சவ்வில்தான் என்று சந்தேகிக்க அதுவே நல்ல அடையாளம் என்று விளக்கினார். காதுக்குள்ளே வரும் தொற்றில் துவாரத்தில் வலியும் ஒழுகலும் இருக்கும், இவளுக்கு அது எதுவும் இல்லை. விரலால் அழுத்தியபோது உள்ளே தளதளவென்று இருந்தது, சீழ். அன்றே அட்மிட். வளையத்தைக் கழற்றி, கீறி, சீழைக் கழுவி எடுத்தார்கள். செத்துப்போன குருத்தைச் சுரண்டி எடுத்தபின், மறுபடி நீர் கோக்காமல் இருக்க மடலின் பள்ளங்களில் பஞ்சைத் திணித்து இறுக்கிக் கட்டினார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் சூடோமோனாஸ் என்றே வந்தது.

பாட்டிலைப் பற்றி டாக்டர் கேட்டபோதுதான் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னார். 2000ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்தில் ஒரு நகைக் கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களுக்கு வரிசையாக இதே தொற்று வந்தது. 7 பேருக்குச் சோதனையில் உறுதியானது, அவர்களில் பலர் பதின்ம வயதினர். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது, காதின் வடிவமும் கெட்டது. சுகாதாரத் துறை தேடிப் பார்த்தபோது, கிருமிநாசினி என்று தெளித்துவந்த பாட்டிலிலேயே அந்தக் கிருமி இருந்தது. எங்கள் பாட்டிலை யாரும் சோதிக்கவில்லை, அதனால் அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதாத ஒன்றைப் பச்சைப் புண்ணில் தடவச் சொல்லிக் காசு வாங்கியது மோசடிதான்.

குத்தியே ஆக வேண்டும் என்று பிள்ளை நின்றால், உள்ளே துளை உள்ள ஊசியை, உங்கள் கண் முன்னால் புது உறையைப் பிரித்து எடுக்கிற இடத்துக்குப் போங்கள். வீக்கத்துக்கு இடம் விடும் நீளமான கம்பியாகப் போடச் சொல்லுங்கள். மேல்காது முழுதாக ஆறப் பல மாதம் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குத்தாமலும் இது வரும். மடலில் அடிபட்டு ரத்தம் கட்டினால், தீக்காயம் பட்டால், பூச்சிக்கடியைச் சொறிந்து புண்ணாக்கினால்கூட வரலாம். எந்தக் காயமும் இல்லாமல் இரண்டு காதும் மாறிமாறிச் சிவந்து வீங்கினால் அது கிருமியே இல்லாத வேறு நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியமும் வேறு.

பார்லரில் போய்க் கேட்டோம். "உங்க பொண்ணு கையை வெச்சிருப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். ஜிபே ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, கல்ச்சர் ரிப்போர்ட், காதின் படங்கள் எல்லாம் இணைத்தாயிற்று. கன் இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. சமீபத்தில் எங்காவது மேல்காது குத்தி, மடல் சிவந்து வீங்கி, தொட்டாலே வலிக்கிறது என்றால் இன்றைக்கே ஈஎன்டி டாக்டரிடம் போங்கள். காசு இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. "குருத்தில் குத்தினது டாக்டர்" என்பதை வாயைத் திறந்து முதலில் சொல்லுங்கள்.