டிமாஜியோவா, டெட் வில்லியம்ஸா? என் ஓட்டு வில்லியம்ஸுக்கு

பழைய அமெரிக்க பேஸ்பால் பற்றிப் பேச்செடுத்தால் 1941 வந்து நிற்கும். கூடவே இரண்டு பெயர்களும் வரும்: நியூயார்க் யாங்கீஸின் ஜோ டிமாஜியோ, பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ். இரண்டு பேருடைய ஆட்டக் கணக்கையும் வாழ்க்கையையும் படித்துவிட்டு நான் வில்லியம்ஸ் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

டிமாஜியோவின் பெருமை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிசிலியிலிருந்து கலிபோர்னியா வந்த மீனவரின் மகன். ஆடியது 13 சீசன், வென்றது 9 உலகத் தொடர் (சீசன் முடிவில் நடக்கும் சாம்பியன்ஷிப்). மூன்று முறை எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது). போதாததற்கு மர்லின் மன்றோவின் கணவர். வில்லியம்ஸோ ஒரே ஒரு உலகத் தொடரில்தான் ஆடினார். 1946இல் நடந்த அதிலும் அவருடைய பேட்டிங் சராசரி .200தான் (பத்து முயற்சிக்கு இரண்டு ஹிட்), அணியும் தோற்றது. கோப்பையை எண்ணினால் போட்டியே இல்லை. ஆனால் கோப்பை ஒட்டுமொத்த அணியும் சேர்ந்து வாங்குவது.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற 56. 1941 மே 15 முதல் ஜூலை 16 வரை, தொடர்ந்து 56 ஆட்டங்களில் டிமாஜியோ ஹிட் அடித்தார். ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு, அவுட் ஆகாமல் ஓடி 'பேஸ்' என்ற நிலையை எட்டுவது. மறுநாள் கிளீவ்லாந்தில், மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் செய்த கென் கெல்ட்னர் கோட்டை ஒட்டிப் பாய்ந்த இரண்டு பந்துகளைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்து அவரை அவுட் ஆக்கினார். தொடர் அறுந்தது. இந்தச் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த இரண்டு மாதத்தில் டிமாஜியோவின் சராசரி .408. அதே நாட்களில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த வில்லியம்ஸின் சராசரி .412!

சரி, எனக்கு முடிவைத் தீர்த்து வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆட்டத்தில் ஒரு அணியின் கையில் இருப்பது 27 அவுட். அதை வீணாக்காதவர்தான் நல்ல பேட்டர். பேட்டிங் சராசரி ஹிட்டை மட்டும்தான் எண்ணும். நான்கு மோசமான பந்துகளை விட்டுவிட்டு 'வாக்' வாங்கி முதல் பேஸுக்குப் போனால் அதற்குச் சராசரியில் மதிப்பே இல்லை. ஆனால் அவுட் ஆகவில்லையே, பேஸில் ஆள் நிற்கிறாரே! இதையும் சேர்த்துச் சொல்வதுதான் ஆன்-பேஸ் விகிதம். 1941இல் டிமாஜியோவுக்கு அது .440. அதுவே அபாரம்தான். வில்லியம்ஸுக்கு .553. அதாவது நூறு முறை மட்டையோடு வந்தால் 55 முறை அவரை அவுட் ஆக்க முடியவில்லை. வாழ்நாள் கணக்கில் டிமாஜியோ .398, வில்லியம்ஸ் .482.

இது அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல. பின்னாளில் அவர் ஸ்ட்ரைக் ஸோனை (சரியான பந்து வர வேண்டிய, பேட்டருக்கு எதிரேயுள்ள பகுதியை) 77 பந்துகளாகப் பிரித்து, எந்த இடத்துப் பந்தை அடித்தால் தனக்கு என்ன சராசரி வரும் என்று படமே போட்டுக் காட்டினார். நட்டநடுவில் .400, வெளிப்பக்கக் கீழ் மூலையில் .230. அந்த மூலைப் பந்தை எதற்குத் தொட வேண்டும்? அந்தக் காலத்து விமர்சகர்கள் சிலர் இந்தப் பொறுமையைச் சுயநலம் என்றார்கள். எனக்கு அது கஞ்சத்தனமாகத் தெரிகிறது, நல்ல அர்த்தத்தில்.

அதற்காகச் சராசரியை அவர் விட்டுக்கொடுத்தார் என்றும் இல்லை. 1941 செப்டம்பர் 28, சீசனின் கடைசி நாள், பிலடெல்பியாவில் இரட்டை ஆட்டம். அவர் அப்போது .39955. முழுமையாக்கினால் .400, மிக அரிதான எல்லை. வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்றார் மேலாளர் ஜோ குரோனின். வில்லியம்ஸ் இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி 8க்கு 6 ஹிட் அடித்து .406இல் முடித்தார். அப்புறமும் எம்விபி டிமாஜியோவுக்குத்தான் போனது. 1947இல் வில்லியம்ஸ் டிரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ரன் மூன்றிலும் லீகில் முதலிடம்) வென்றும் அதே கதை, வாக்குப் புள்ளியில் 202க்கு 201. ஒரே ஒரு புள்ளி.

டிமாஜியோ பக்கமும் கனமான வாதம் உண்டு. 361 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தவர், மொத்தமே 369 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனார். இடப்பக்கம்தான் பலமாக அடிக்கும் வலக்கை ஆட்டக்காரரான அவருக்கு யாங்கி மைதானத்தின் இடது மையப் பகுதி பெரிய சாபம். 457 அடி தள்ளி இருந்தது சுவர். சொந்த மைதானத்தில் 148 ஹோம் ரன், வெளியில் 213 என்ற கணக்கே அதைச் சொல்லும். ஃபீல்டிங்கிலும் அவர்தான் மேல். அதில் எவ்வளவு மேல் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. துண்டுப் படங்களையும் கூட ஆடியவர்களின் பேச்சையும் நம்பித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

போரில் இருவருமே 1943 முதல் 45 வரை மூன்று சீசன்களை இழந்தார்கள். வில்லியம்ஸ் மட்டும் மறுபடியும் அழைக்கப்பட்டு, கொரியாவில் 39 முறை போர் விமானத்தில் பறந்தார். அடிபட்டு எரிந்த விமானத்தை 1953இல் வயிற்றால் உரசி இறக்கித் தப்பித்தார். அந்த சீசன்களும் இருந்திருந்தால் 521 ஹோம் ரன் எங்கே போயிருக்குமோ!

குணத்தில் இருவருமே சிடுமூஞ்சிகள்தான். 1969க்குப் பிறகு எந்த மேடையிலும் தன்னை 'வாழும் ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவர்' என்று அறிமுகப்படுத்த வேண்டும் என்பது டிமாஜியோவின் நிபந்தனை. வில்லியம்ஸோ 1966இல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்க்கப்பட்ட நாளில், நிறவெறியால் ஒதுக்கப்பட்ட சாட்சல் பேஜ், ஜோஷ் கிப்ஸன் போன்ற கறுப்பின ஆட்டக்காரர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்று பேசினார். பேஜ் 1971இல் வந்தார், கிப்ஸன் அடுத்த ஆண்டு. 2024இல், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக் கணக்குகளும் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் பழைய ஆட்டக்காரர் டை காப் வகித்த முதலிடம் கிப்ஸனுக்குப் போனது. ஆன்-பேஸ் பட்டியலில் முதலிடம் மட்டும் மாறவில்லை. அங்கே இன்னும் அதே .482தான்.