கார் பிளாஸ்டிக் சிராய்ப்பைச் சரிசெய்யக் கொடுக்கப் போகிறீர்களா? எனக்கு ₹6,500 போச்சு

ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்! கதவுக்குக் கீழே ஓடும் கறுப்புப் பட்டைக்கும் முன்சக்கர வளைவைச் சுற்றி வரும் கிளாடிங்குக்கும் (கறுப்பு பிளாஸ்டிக் உறை) சேர்த்து வாங்கினார்கள். இன்று காலை வண்டியைக் கழுவினால் அந்தக் கறுப்பு தோல் தோலாக உரிந்து கையோடு வருகிறது.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் தம்பி வண்டியைத் திருப்பும்போது வாசல் கருங்கல் தூணில் இடது பக்கம் உரசிவிட்டது. பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிளாஸ்டிக்கில்தான் வெள்ளை வெள்ளையாகச் சிராய்ப்பு. கிருஷ்ணகிரியில் ஒரு கார் டீடெய்லிங் கடைக்கு, அதாவது காருக்குப் பாலிஷ், கோட்டிங் போடும் கடைக்குக் கொண்டுபோனேன். ஏசி ரூம், சோபா எல்லாம் உள்ள கடை. பெயர் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

அங்கே ஒரு பையன் துணியில் ஏதோ தொட்டு, வெயிலில் நரைத்துப்போயிருந்த பின் பம்பரில் ஒரு மூலையை மட்டும் துடைத்தான். துடைத்த இடம் ஷோரூம் வண்டி மாதிரி கறுகறுவென்று ஆகிவிட்டது. "சிராய்ப்பும் இப்படியே காணாமப் போயிரும்ணா. இது பெயிண்ட் இல்ல, கோட்டிங். ரெண்டு வருஷம் வாரண்டி" என்றார் ஓனர். டீ வரவழைத்தார். விசிட்டிங் கார்டின் பின்னால் 'வாரண்டி 2 வருஷம்' என்று அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இதற்கு மேல் ஒரு மனுஷனை எப்படி நம்பாமல் இருப்பது? அங்கேயே போனில் 6,500 அனுப்பினேன். பில் கேட்டால், "சிஸ்டம் மக்கர் பண்ணுதுண்ணா, வாட்ஸ்அப்ல வந்துரும்." இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

தர்மபுரியில் தெரிந்த டிங்கரிங் மேஸ்திரியிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்ததுமே சிரித்தார். பையன் துடைத்துக் காட்டியது வெறும் சிலிக்கான் பாலிஷாம். நரைத்ததைக் கொஞ்ச நாள் கறுப்பாகக் காட்டும், சிராய்ப்பை நிரப்பாது. அதனால் கடையில் எமரி ஷீட் (உப்புத்தாள்) போட்டுத் தேய்த்து ஸ்பிரே கேன் கறுப்பை அடித்துவிட்டார்கள். இந்தக் கிளாடிங் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அதற்கென்று உள்ள பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது. அந்தப் பெயிண்ட்டையாவது சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் பிளாஸ்டிக்கின் மேலே இருக்கும் பொடிச் சொரசொரப்பு அச்சில் வார்க்கும்போதே வருவது, தேய்த்தால் திரும்ப வராது. இப்போது உரிந்த இடமெல்லாம் வழுவழுவென்று தனியாகத் தெரிகிறது. சிராய்ப்போடு விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

கடைக்குப் போன் செய்தால், "ஓனர் ஓசூர் போயிருக்கார்." அப்புறம், "எந்த ஷாம்பு போட்டுக் கழுவுனீங்க?" நேரில் போய்க் கார்டை நீட்டினால், "நிறம் மங்குனாதாண்ணா வாரண்டி, உரிஞ்சா கிடையாது." இதை எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்களோ! கடைசியில், இன்னொரு 2,000 கொடுத்தால் திரும்ப அடித்துத் தருவார்களாம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். புது ஒரிஜினல் இரண்டும், கிளிப்போடு சேர்த்து 6,500 ஆகாது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் ஓடவில்லை. சிராய்ப்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டவில்லை என்றால் பெரும்பாலும் சுவரின் நிறம் ஒட்டியதுதான், துடைத்தாலே போகும். மாட்டினால் புதுப் பட்டை என்ன விலை என்று கேட்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் எமரி ஷீட்டைக் கொண்டுவந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஹீட் கன் (சூடான காற்று அடிக்கும் கருவி) காட்டிக் கறுப்பாக்குவதும் நிலைக்காது. பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். பணம் போன விவரமும் அவர் கையெழுத்துப் போட்ட கார்டும் என்னிடம் இருக்கின்றன. 6,500-ஐ விடுவதாக இல்லை.