செத்தவீட்டு அறிவித்தலுக்கு முழுக்காசையும் முதலே கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் அப்பா, ஐயா என்றுதான் கூப்பிடுவோம், போனது வன்னியில், விசுவமடுவில், வீட்டில் வைத்து, விடியப்புறம். விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) சொல்லி, பந்தலுக்கும் பெட்டிக்கும் ஆளனுப்பி ஓடித்திரிந்த நேரத்தில் ஒருவர் வந்து, "அண்ணை, நோட்டீஸ், ஓட்டோ அறிவித்தல், நெட்டில போடுறது எல்லாம் நாங்கள் பார்ப்பம், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார். பரந்தன் சந்தியிலிருந்து புதுக்குடியிருப்பு வரை ஏ35 வீதியால் ஒலிபெருக்கி ஓட்டோ போகும், உடையார்கட்டு, வள்ளிபுனம் ஒழுங்கைகளுக்குள்ளும் இறங்கும் என்பது பேச்சு. 38,000 ரூபாய். செத்தவீட்டில் யார் பற்றுச்சீட்டு கேட்பது, எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

குருக்கள் குறித்த நேரம் மறுநாள் காலை 10 மணி. கொப்பித் தாளில் நானே கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பின்னேரம் நோட்டீஸ் வந்தது, ஐயாவின் படம் சரி, பெயர் சரி, நேரம் மட்டும் பி.ப. 2 மணி. கீழே பார்த்தால் மருமகன்மார் இரண்டு பேர்! தங்கச்சிக்கு இன்னும் கலியாணமே ஆகவில்லை. வேறு யாருடையதோ அறிவித்தலைத் திறந்து படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். போன் எடுத்தால், திருத்தி அடிக்க இன்னும் 6,000 வேண்டுமாம். அழுதுகொண்டே அதையும் கொடுத்தோம். நோட்டீஸ் திருந்தியது, நெட்டில் போட்டது அப்படியே கிடந்தது, அது எங்களுக்குத் தெரியாது.

ஓட்டோ கதை வேறு. தம்பியின் மகன் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தால், அது விசுவமடுச் சந்தியைத் தாண்டவேயில்லை, மரநிழலில் நிற்கிறது, ஒலிபெருக்கி தன்பாட்டில் கத்துகிறது, சாரதிப் பொடியன் பின்சீற்றில் நித்திரை.

முந்தியென்றால் ஒராள் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார், முடிந்தது. 2009 யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஊர் ஆக்கள் செட்டிகுளம், வவுனியா, ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கிறார்கள், போனில் வருகிற அந்த ஒரு படத்தை நம்பித்தான் வெளிக்கிடுகிறார்கள். மல்லாவியில் இருக்கிற மாமியும் அப்படித்தான், ஐயாவின் ஒரே தங்கை. மாங்குளத்துக்கு வந்து பஸ் மாறி, பரந்தனில் இன்னொரு பஸ் ஏறி, பன்னிரண்டரைக்கு எங்கள் படலைக்குள் வந்தார். வீடு கழுவியாகிவிட்டது. பொடியங்கள் பந்தலுக்குள் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார்கள். மாமி போனைத் திறந்து என்னிடம் நீட்டி, "ரண்டு மணி எண்டுதானே தம்பி போட்டிருக்கு" என்றார். நான் என்னத்தைச் சொல்ல?

கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் யாரிடம் கொடுத்தாலும் அச்சடிக்க முதல் படத்தைப் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள், நேரத்தையும் உறவுமுறையையும் அழாத ஒராளைக் கொண்டு வாசிப்பியுங்கள், நெட்டில் போட்டதைத் தனியாகத் திறந்து பாருங்கள், பாதிக் காசை ஓட்டோ சுற்றி வந்த பிறகு கொடுங்கள்.

அந்தியேட்டி என்கிற முப்பத்தோராம் நாள் கிரியை இனித்தான். நேற்று அதே ஆள் போன் எடுத்தார். "அண்ணை, அந்தியேட்டி நோட்டீஸ் அடிப்பமோ?"