பேட் மாற்றும்போது டிஸ்க்கை என்ன செய்வது? மூன்று வழியிலும் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பிரேக் பேட் மாற்றப் போனால் ஒர்க்‌ஷாப்பில் அடுத்து வருகிற கேள்வி டிஸ்க்கைப் பற்றித்தான்; அதாவது வீலோடு சேர்ந்து சுற்றும், பேட் கவ்விப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தட்டு. "லேத்ல குடுத்துச் சீவிடலாமா, இல்ல புதுசே போட்டுடலாமா?" லேத் என்கிற கடைசல் மெஷினில் டிஸ்க்கின் மேல்பரப்பை மெல்லியதாகச் செதுக்கிச் சமமாக்குவதுதான் சீவுவது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழியும் இருக்கிறது: டிஸ்க்கை அப்படியே விட்டு பேடை மட்டும் மாற்றுவது. ஒரே காரில் மூன்றையும் செய்து, ஒவ்வொன்றிலும் நீண்ட நாள் ஓட்டியிருக்கிறேன். அளந்து பார்க்காமல் இதில் எதையுமே முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் கருத்து.

என்னுடையது டீசல் ஹேட்ச்பேக். முன்னால் வென்டிலேட்டட் டிஸ்க் (நடுவே காற்று போக இடைவெளி உள்ளது), பின்னால் டிரம் பிரேக். கோவைக்குள் தினசரி ஓட்டம், அவ்வப்போது ஆழியார் வழியாக வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும்போது பிரேக்கின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

முதல் முறை பேட் மாற்றியபோது டிஸ்க்கைத் தொடவே இல்லை. புதுசாக இருக்கும்போது 22 மில்லிமீட்டர் கனம். இதற்குக் கீழே போகக் கூடாது என்று டிஸ்க்கிலேயே 20 என்று அச்சடித்திருந்தது. அன்று அளந்தபோது 21.4 இருந்தது. அளப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. பேட் உரசாத ஓரத்தில் துருவேறி ஒரு விளிம்பு எழும்பியிருக்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அந்த விளிம்பின் கனத்தைத்தான் காட்டும். மைக்ரோமீட்டரை ஓரத்திலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, சுற்றிலும் ஆறு, எட்டு இடத்திலாவது பார்க்க வேண்டும். நகத்தால் கீறிப் பார்த்ததில் எங்கும் பள்ளம் தட்டுப்படவில்லை, பிரேக் போட்டால் ஸ்டியரிங் ஆட்டமும் இல்லை. அப்புறம் எதற்குச் சீவ வேண்டும்? புது பேட் போட்டு, காலியான ரோட்டில் 60 வேகத்திலிருந்து 10 வரை பல தடவை குறைத்து, முழுசாக நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுப் பழக்கினேன். அந்த பேட் தேய்ந்து தீரும் வரை ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது முறை வேறு ஒர்க்‌ஷாப். சீவினால்தான் புது பேட் சரியாகப் பிடிக்கும் என்று சொல்லி லேத்துக்கு அனுப்பினார்கள். 20.9 இருந்த டிஸ்க் 20.4 ஆகத் திரும்பி வந்தது. ஆரம்பத்தில் பிரேக் அருமையாக இருந்தது, அதை மறுக்க முடியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் போனபிறகு, 80-ல் போய் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்க ஆரம்பித்தது. "சூட்டுல டிஸ்க் வளைஞ்சிருச்சு, மறுபடியும் சீவணும்" என்றார்கள். 20.4-ஐ மறுபடி சீவினால் என்ன மிஞ்சும்? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் கருவி) வைத்திருக்கிறார். வீலைக் கழற்றி, டிஸ்க் ஹப்போடு (டிஸ்க்கும் வீலும் மாட்டப்படும், சுற்றும் நடுப்பகுதி) இறுகி நிற்பதற்காக வாஷர் கொடுத்து நட்டுகளை முடுக்கி, கேஜின் முனையை டிஸ்க்கின் மேல் வைத்து மெல்லச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. அதிகம் ஆடிய இடத்தில், டிஸ்க்கிலும் ஹப்பிலும் நேருக்கு நேராகச் சாக்பீஸ் கோடு போட்டார். டிஸ்க்கைக் கழற்றி இரண்டு போல்ட் தள்ளி மாட்டி மறுபடி சுற்றினார். டிஸ்க்கில் இருந்த கோடு நகர்ந்துவிட்டது. ஆட்டம் மட்டும் ஹப்பில் போட்ட கோட்டுக்கு நேரே அப்படியே நின்றது. "டிஸ்க்கு மேல தப்பில்லைங்க சார், ஹப்புதானுங்க" என்றார். ஹப் முகத்தில், போல்ட்டுகளைச் சுற்றி, துரு செதில் செதிலாகப் படிந்திருந்தது. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்து மாட்டியதும் ஆட்டம் 0.04-க்கு இறங்கியது.

பல பேர் பணத்தை வீணாக்குவது இந்த இடத்தில்தான். லேத்தில் டிஸ்க்கை எவ்வளவு நேராகச் சீவினாலும், துருப்பிடித்த ஹப்பில் மாட்டினால் அது சாய்ந்துதான் சுற்றும். அந்தச் சாய்வு உடனே தெரியாது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க்கின் அதே இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை லேசாக உரசிப் போகும். நாளடைவில் அந்த இடம் மட்டும் தேய்ந்து கனம் குறையும். கன வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வந்தாலே போதும், ஸ்டியரிங் நடுங்கும். ஆட்டம் உடனே வராமல் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து வருவதற்குக் காரணம் இதுதான். பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டினாலும் இதே நடுக்கம் வரும். மலை இறங்கி வந்து, கொதிக்கிற டிஸ்க்கை பேட் கவ்விப் பிடித்தபடியே நெடுநேரம் நிறுத்தி வைப்பது அதற்கு ஒரு வழி. "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று சொல்லப்படுகிற வண்டிகளில் நிஜமாகவே வளைந்தவை குறைவு.

ஹப் சரியானாலும் என் டிஸ்க்கில் கன வித்தியாசம் ஏற்கெனவே விழுந்துவிட்டது, சீவ இடமும் இல்லை. அதனால் இரண்டு பக்கமும் சேர்த்துப் புது டிஸ்க், புது பேட். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்குவதும் குறைவு. வால்பாறை இறக்கத்தில் இரண்டாவது கியரில் வந்தாலும் எனக்கு அந்தக் கனம் வேண்டும். மாட்டும் முன் டிஸ்க்கில் இருந்த துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் நன்றாகத் துடைத்தார். வீல் நட்டை ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்கவிடாமல், எதிரெதிராக டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முடுக்கச் சொன்னேன்; நட்டுகள் ஏற்றத்தாழ்வாக இறுகினாலும் டிஸ்க் சாயும்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் பின்னையும் அன்று பார்த்தோம். ஒரே வீலில் உள் பேட் அதிகமாகவும் வெளி பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் பின் இறுகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் டிஸ்க்கைச் சீவினாலும் மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் சீவவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். நண்பர் ஒருவரின் பெரிய எஸ்யூவியில் டிஸ்க் விலை அதிகம், கனமும் தாராளமாக இருந்தது, பள்ளம் மட்டும் விழுந்திருந்தது. வண்டியிலேயே மாட்டிச் சீவும் மெஷினில் செய்தார். டிஸ்க் தன் ஹப்பின் மேலேயே சுற்றும்போது சீவுவதால், ஹப்பின் கோணலும் சேர்ந்து நேராகிறது. இன்று வரை ஆட்டம் இல்லை. ஆனால் டிஸ்க்கில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் சீவாதீர்கள். அதிகச் சூட்டில் வார்ப்பிரும்பு அந்த இடத்தில் கெட்டித்துப்போயிருக்கும், மேலாகச் சீவினாலும் உள்ளே அந்தக் கெட்டி மிஞ்சும். விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். சின்ன காருக்கு, லேத் கூலியோடு கழற்றி மாட்டும் கூலியையும் கூட்டிப் பார்த்து, புது டிஸ்க் விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

புது டிஸ்க் போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலையிலும் சரி, சேலம் ஹைவேயிலும் சரி, ஸ்டியரிங் அசையவில்லை. போன சர்வீஸில் அளந்தபோது இரண்டு பக்கமும் 21.6 இருந்தது. பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அது தீரும்போது டிஸ்க் 21-க்கு மேல் நின்று, முள்ளும் ஆடாமல் இருந்தால் பேட் மட்டும்தான் போடப் போகிறேன்.